கியர்பாக்ஸை இறக்கும் முன் ஸ்லேவ் ராடை அளந்து பாருங்கள்: பழைய ஃபோர் வீல் வண்டியில் ஹைட்ராலிக் கிளட்ச் பழுது

பெடலை மிதிக்கிறீர்கள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் அது தரையோடு போய்ப் படுத்துக்கொள்கிறது. இன்னொரு நாள் பெடல் வழக்கம்போலத்தான் இருக்கிறது, ஆனால் ரிவர்ஸ் போடப் போனால் கரகரவென்று அரைக்கிறது. பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வைத்துக் காட்டுப் பாதையில் ஓட்டும் யாருக்கும் இந்த இரண்டில் ஒன்று என்றாவது வரும். புதிதாக வாங்கியவர் பதறிப்போவார். பக்கத்தில் நிற்பவரும் "கிளட்ச் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று சொல்லிவிடுவார்.

இப்போதைக்கு எதையும் இறக்காதீர்கள். நண்பர் ஒருவரின் வண்டியில் இதே பேச்சைக் கேட்டு கியர்பாக்ஸை இறக்கி, புது கிளட்ச் பிளேட், புது பிரஷர் பிளேட் எல்லாம் போட்டு ஏற்றினார்கள். பிறகும் அதே கரகரப்பு. கடைசியில் பழுது இருந்த இடம் பெடலுக்கு மேலே. புஷ் ராடு மாட்டும் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. ஒரு பின்னும் ஒரு புஷ்ஷும் மாற்றியதும் சரியாகிவிட்டது. கியர்பாக்ஸைத் தொடும் முன் ஸ்லேவ் சிலிண்டரின் (கியர்பாக்ஸ் பக்கம் இருந்து கிளட்சை இயக்கும் சிலிண்டர்) ராடு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று ஒருவர் அளந்திருந்தால் அந்த நாட்களும் செலவும் மிச்சமாகியிருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு அளவைச் சுற்றித்தான்.

விசை எந்த வழியாகப் போகிறது

பெடலின் மேல்பக்கம் ஒரு புஷ் ராடு இருக்கும். அது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். மாஸ்டரிலிருந்து பிரேக் ஆயில் ஓர் உலோகக் குழாய் வழியாகவும், பிறகு ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகவும் கியர்பாக்ஸ் பக்கம் போகும். அங்கே கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் வெளிப்பக்கம் ஸ்லேவ் சிலிண்டர். அதன் ராடு ஃபோர்க் எனப்படும் நெம்புகோலின் ஒரு முனையைத் தள்ள, உள்ளே ஃபோர்க்கின் மறுமுனை ரிலீஸ் பேரிங்கை அழுத்தும். பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அமுக்கும்போது கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலிலிருந்து விடுபடும். இதைத்தான் மெக்கானிக்குகள் "கிளட்ச் கட் ஆகுது" என்பார்கள்.

பெடலிலிருந்து ஸ்லேவ் ராடு வரை உள்ளதெல்லாம் வெளியே இருக்கிறது, கைக்கு எட்டும், சாதாரண ஸ்பேனர்களால் கழற்றலாம். ஃபோர்க்குக்கு அப்பால் உள்ளதற்குத்தான் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஸ்லேவ் ராடு இந்த இரண்டுக்கும் நடுவே எல்லைக்கல் மாதிரி. பழுது எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று அது சொல்லிவிடும்.

உங்கள் வண்டியில் ஹைட்ராலிக் கிளட்ச்தானா என்று முதலில் பாருங்கள். சுசூக்கி சாமுராய் போன்ற சின்ன வண்டிகளில் கேபிள்தான். 1987 முதல் 90களின் தொடக்கம் வரை வந்த ஜீப் ராங்லர், செரோக்கி வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டரே பெல் ஹவுசிங்குக்குள், கியர்பாக்ஸ் ஷாஃப்டைச் சுற்றி வளையமாக உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ராடை வெளியிலிருந்து பார்க்க முடியாது. அதற்கான வழி பின்னால் வருகிறது.

அடியில் போகும் முன்

சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுங்கள். இந்த வண்டிகள் உயரமாக இருப்பதால் பெரும்பாலும் ஜாக்கி இல்லாமலே அடியில் நுழைந்துவிடலாம். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போடுங்கள். பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். அதன் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் பிடிப்பதில்லை, முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்பக்க ஷாஃப்டில் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கிய நொடியில் டிஃபரன்ஷியல் வழியாக வண்டி நகரத் தொடங்கிவிடலாம். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறோமே என்று அடியில் படுத்தவர்கள் மேல் வண்டி உருண்டிருக்கிறது.

கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. பிரேக் ஆயில் கண்ணில் பட்டால் நன்றாக எரியும். பெயிண்ட்டில் பட்டால் அதை உரித்துவிடும், ஆனால் தண்ணீரில் கரையும் என்பதால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தப்பிக்கலாம். கையில் ஓர் ஸ்டீல் ஸ்கேல், டார்ச், துணி, குழாய் நட்டுக்கான ஸ்பேனர், ஸ்லேவில் காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், அரை மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் ட்யூப் இருந்தால் போதும். பெடல் மிதிக்க இன்னொருவர் வேண்டும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

பிரேக் ஆயில் டப்பாவான ரிசர்வாயரின் மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். உள்ளே விழும் ஒரு மணல் துகள் ரப்பரைக் கீறிவிடும். ஆயில் குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். பெட்ரோலைப் போல இது எரிந்து தீர்வதில்லை. நிறம் கறுத்து, அடியில் மை போலப் படிந்திருந்தால் ரப்பர் கரைந்துகொண்டிருக்கிறது. சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ரிசர்வாயர். அதில் மட்டம் குறைந்தால் இரண்டையும் சோதிக்க வேண்டும். பிரேக் விஷயத்தில் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

அப்புறம் டிரைவர் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே தலையை விட்டு, புஷ் ராடு மாஸ்டருக்குள் நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமாக இருந்தாலோ, கீழே பெயிண்ட் கொப்பளித்து உரிந்திருந்தாலோ மாஸ்டரின் பின்பக்க ரப்பர் போய்விட்டது. அடுத்து ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை ஒரு ஓரத்தில் மெல்ல நெம்பிப் பாருங்கள். லேசான ஈரப்பசை பரவாயில்லை. சொட்டுச் சொட்டாக வழிந்தால் ஸ்லேவ் முடிந்தது. குழாய், ஹோஸ் முழுக்க விரலை ஓட்டுங்கள். பாறையில் அடிபட்டு நசுங்கிய இடம், சைலன்சர் பைப்பை ஒட்டிப் போகும் இடம், வெடிப்பு விழுந்த ஹோஸ் எல்லாம் இப்போதே தெரிந்துவிடும்.

பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு வடிகால் ஓட்டை இருக்கும். ஆற்றைக் கடக்கும்போது மட்டும் அதை அடைக்க லேண்ட் ரோவருக்கு ஒரு பிளக் உண்டு. அந்த ஓட்டையில் சொட்டு நின்றால் அது எந்த ஆயில் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் கலக்குங்கள். தண்ணீரோடு கலந்து மறைந்தால் பிரேக் ஆயில். மேலே மிதந்து வட்டமாகப் பரவினால் இன்ஜின் ஆயில் அல்லது கியர் ஆயில். கந்தக வாடை தூக்கினால் கியர் ஆயில்தான். ஸ்லேவ் உள்ளே இருக்கும் வண்டியில் ரிசர்வாயரும் குறைந்து, இந்த ஓட்டையில் பிரேக் ஆயிலும் சொட்டினால் உள்ளே இருக்கும் ஸ்லேவ் கசிகிறது. அந்த வண்டியில் மட்டும் இறக்குவதைத் தவிர வழியில்லை.

இப்போது அளவு

இன்ஜின் அணைந்தே இருக்கட்டும். ஸ்லேவ் ராடு ஃபோர்க்கைத் தொடும் இடம் நன்றாகத் தெரியும்படி படுத்துக்கொள்ளுங்கள். ராடு முழுக்க உறைக்குள் மறைந்திருந்தால் ஃபோர்க்கின் முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு நகர்வதை அளக்கலாம். விரலை ஃபோர்க்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே வைக்காதீர்கள், நசுங்கிவிடும்.

மேலே இருப்பவர் பெடலை ஒரே சீராகத் தரை வரை மிதிக்கட்டும். ராடு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று ஸ்கேலில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். சரியான அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல்தான் சொல்லும். பல வண்டிகளில் இது 12 முதல் 18 மி.மீ. வரை இருக்கும். இது முதல் அளவு.

இரண்டாவதாக, அதே மிதியில் காலை எடுக்காமல் ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். ராடு அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல மெல்லப் பின்வாங்கினால், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், மாஸ்டரின் உள் ரப்பர் ஆயிலைப் பின்னுக்கு விடுகிறது. சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்கும்போது வண்டி தானாக ஊர்ந்தது என்று உங்களுக்கு நினைவு வந்தால், அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

மூன்றாவதாக, பெடலை நான்கைந்து முறை வேகமாக மிதித்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் ராடின் நகர்வு கூடிக்கொண்டே போனால் உள்ளே காற்று இருக்கிறது.

நகர்வு மேனுவலில் உள்ளபடி இருந்து, ஒரு நிமிடமும் அசையாமல் நின்றால் ஹைட்ராலிக் பக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. நகர்வு குறைவாக இருந்தால் கியர்பாக்ஸைப் பற்றி இன்னும் யோசிக்கவே வேண்டாம்.

நகர்வு ஏன் குறைகிறது: ஒரு சின்னக் கணக்கு

இந்த அமைப்பில் புழங்கும் ஆயில் எவ்வளவு குறைவு என்று தெரிந்தால், ஒரு குமிழி ஏன் இவ்வளவு தொந்தரவு கொடுக்கிறது என்பது புரிந்துவிடும். மாஸ்டரின் உள்விட்டம் எட்டில் ஐந்து பங்கு அங்குலம் என்று வைப்போம், 15.87 மி.மீ. வரும். பிஸ்டன் 25 மி.மீ. நகர்ந்தால் அது தள்ளும் ஆயில் கிட்டத்தட்ட 5 மில்லி, ஒரு தேக்கரண்டி அளவுதான். ஸ்லேவின் விட்டம் முக்கால் அங்குலம் என்றால் அந்த 5 மில்லி ஸ்லேவ் ராடை சுமார் 17 மி.மீ. தள்ளும். இப்போது குழாய்க்குள் 1 மில்லி காற்று இருந்தால்? அழுத்தத்தில் காற்று சுருங்கிவிடும், அந்த அளவு ஆயில் வேலை செய்யாது. நகர்வில் சுமார் மூன்றரை மி.மீ. போய்விடும். 17 இருந்த இடத்தில் பதின்மூன்றரை. கிளட்ச் பாதிதான் கட் ஆகும், ரிவர்ஸ் அரைக்கும்.

இதே கணக்கில் இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. ஸ்லேவை மாற்றும்போது பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று எட்டில் ஏழு பங்கு அங்குல விட்டம் உள்ளதை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். போல்ட் ஓட்டைகள் பொருந்தும், குழாயும் பொருந்தும். ஆனால் அதே 5 மில்லி ஆயில் இந்த அகலமான பிஸ்டனை 13 மி.மீ.க்கும் குறைவாகத்தான் தள்ளும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும், அதாவது உள்ளே உள்ள காற்றை வெளியேற்றினாலும், சரியாகாது. முந்தைய உரிமையாளர் ஸ்லேவ் மாற்றியிருந்தால் அதன் மேல் வார்ப்பில் உள்ள அளவைப் படித்துப் பாருங்கள்.

காற்றுக்கும் கசிவுக்கும் அப்பால், பழைய வண்டிக்கே உரிய மூன்று இடங்களைச் சொல்கிறேன். இவற்றைத்தான் பலரும் பார்க்காமல் விடுகிறார்கள்.

பெடல் பின். பெடலையும் புஷ் ராடையும் இணைக்கும் பின்னைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அந்த இடத்தில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் ஸ்லேவில் 0.7 மி.மீ. குறையும். பின், ஓட்டை, பெடல் புஷ் மூன்றும் தேய்ந்து, ஃபோர்க் பக்கமும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் எல்லாம் சேர்ந்து கிளட்சைக் கட் ஆக விடாமல் செய்ய அது போதும். நண்பரின் வண்டியில் நடந்தது இதுதான்.

மாஸ்டர் மாட்டியிருக்கும் தகடு. பானெட்டைத் திறந்து வைத்து, மேலே இருப்பவர் மிதிக்கும்போது மாஸ்டரையே உற்றுப் பாருங்கள். மாஸ்டர் முன்னால் அசைந்தால் அதைத் தாங்கும் தகடு துருப்பிடித்தோ வெடித்தோ வளைகிறது. பெடலின் உழைப்பு தகட்டை வளைப்பதிலேயே போய்விடும். இதற்கு ஆயில் மாற்றிப் பயனில்லை, தகட்டுக்கு வெல்டிங் வேலை வேண்டும்.

ஹோஸ். மிதிக்கும்போது ரப்பர் ஹோஸைக் கையால் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் அது பருப்பது தெரிந்தால், ராடைத் தள்ள வேண்டிய ஆயில் ஹோஸை ஊத வைத்துக்கொண்டிருக்கிறது. வயதான ரப்பரை யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

வெயிலில் மணிக்கணக்காகப் பாறைமேல் ஊர்ந்த பிறகு மட்டும் பெடல் தொளதொளத்து, ஆறியதும் தானாகச் சரியாகிறதா? ஆயிலில் தண்ணீர் ஏறியிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், டாட் 4 என்றால் 230. ஈரம் ஏறியபின் அவற்றுக்கான குறைந்தபட்ச அளவு 140, 155 தான். ஸ்லேவ் சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டிகளில் பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழியாகிவிடுகிறது. முழுதாக ஆயிலை மாற்றுங்கள். வெப்பத் தடுப்புத் தகடு கழன்று விழுந்திருந்தால் மறுபடி மாட்டுங்கள்.

நகர்வு சரி, ஆனாலும் கியர் விழவில்லை

இப்போதுதான் உள்ளே பார்க்கும் பேச்சு. அதிலும் உடனே இறக்க வேண்டியதில்லை. வண்டி ஆற்றில் இறங்கிவிட்டு வாரக்கணக்கில் நின்றிருந்தால் கிளட்ச் பிளேட் துருவால் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எதிரே யாரும், எதுவும் இல்லாத வெட்டவெளியில் இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். கியர் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை அழுத்துவதும் விடுவதுமாக இருங்கள். வண்டி சட்டென்று முன்னால் பாயும் என்று எதிர்பார்த்து ஆக்சிலரேட்டரில் உள்ள காலை உடனே பிரேக்குக்கு மாற்றத் தயாராக இருங்கள். பல சமயம் ஒரு அதிர்வோடு பிளேட் விடுபட்டுவிடும்.

அதற்கும் அசையவில்லை என்றால் ஃபோர்க், அதைத் தாங்கும் பிவட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங் இவற்றில் ஒன்று. லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் பிவட்டின் உருண்டை முனை ஃபோர்க்கைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டையே போட்டுவிடுவது ஊரறிந்த பலவீனம். அதனால் கியர்பாக்ஸ் எந்தக் காரணத்துக்காக இறங்கினாலும் அந்த இடத்தில் பற்றவைத்து வலுப்படுத்திய ஃபோர்க்கை மாட்டிவிடுவார்கள். மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

கிளட்ச் திரும்பிப் பிடிக்கவில்லையா

இது நேரெதிரான பழுது. இன்ஜின் உறுமுகிறது, வண்டி போகவில்லை. பிளேட் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் ஒரே ஒரு சோதனை. வழுக்கும்போதே வண்டியை நிறுத்தி, ஸ்லேவ் நிப்பிளில் ட்யூபை மாட்டி அரைச் சுற்றுத் திறங்கள். ஆயில் பீய்ச்சியடித்து, ஃபோர்க் பின்னால் வந்து, கிளட்ச் பிடித்துக்கொண்டால் பிளேட்டில் குறையில்லை. அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கே மாட்டுகிறது? அடுத்த முறை வழுக்கும்போது நிப்பிளுக்குப் பதிலாக மாஸ்டரில் உள்ள குழாய் நட்டைத் தளர்த்துங்கள். அங்கேயே அழுத்தம் இறங்கினால் மாஸ்டர் பக்கம் குறை. இறங்காமல் நிப்பிளில் மட்டும் இறங்கினால் ஹோஸின் உட்சுவர் பிய்ந்து, போகும் ஆயிலை விட்டுத் திரும்பும் ஆயிலை அடைக்கும் கதவாக மாறியிருக்கிறது. வெளியே புத்தம் புதிது போல இருக்கும் ஹோஸிலும் இது நடக்கும்.

மாஸ்டர் பக்கம் என்றால் புஷ் ராடின் நீளத்தைப் பாருங்கள். பெடல் மேலே இருக்கும்போது ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. இடைவெளி வேண்டும். மாஸ்டருக்குள் ரிசர்வாயருக்குப் போகும் ஊசித்துளை ஒன்று உண்டு. சூட்டில் விரியும் ஆயில் அந்த வழியாகத்தான் மேலே போகிறது. ராடை நீளமாக்கி பிஸ்டனை அழுத்தியே வைத்தால் துளை மூடிக்கொள்ளும். வண்டி சூடாகச் சூடாக கிளட்சைத் தானே மிதித்துக்கொள்ளும். பெடல் உயரமாக வேண்டும் என்று ராடை நீட்டிவிடுபவர்கள் நல்ல பிளேட்டை எரித்துவிடுகிறார்கள்.

மாற்றுவதும் ஏர் எடுப்பதும்

மாஸ்டர், ஸ்லேவ் இரண்டில் ஒன்று போனால் இரண்டையும் மாற்றுவதுதான் என் வழக்கம். இரண்டுக்கும் ஒரே வயது. இன்றைக்கு ஒன்றை மாற்றினால் கொஞ்ச நாளில் மற்றது கசியத் தொடங்கி, மறுபடியும் ஆயிலை இறக்கி ஏர் எடுக்க வேண்டியிருக்கும். ரப்பர் கிட் மட்டும் போடுவதானால் சிலிண்டரின் உட்சுவரில் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்கேயாவது தடுக்கினால் அந்த சிலிண்டர் வேண்டாம். அரிப்புக் குழியில் உரசி புது ரப்பரும் கிழியும்.

ஆயில் எது என்று ரிசர்வாயர் மூடியிலோ மேனுவலிலோ இருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 சிலிக்கோன் வகை, அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. இன்ஜின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், பெட்ரோல், டீசல் எதுவும் இதற்குள் போகக் கூடாது. கழுவக்கூடப் பயன்படுத்தாதீர்கள், ரப்பரெல்லாம் ஊதிவிடும்.

ஸ்லேவை மாட்டியதும் நிப்பிள் மேலேயும் குழாய் கீழேயும் இருக்கிறதா என்று பாருங்கள். காற்று மேலேதான் நிற்கும். நிப்பிள் கீழே இருந்தால் நாள் முழுக்க மிதித்தாலும் குமிழி வராது.

ரிசர்வாயரை நிரப்பி, நிப்பிளில் ட்யூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். நிப்பிளைத் திறந்ததும் மேலே இருப்பவர் மெதுவாக மிதிக்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போதே நிப்பிளை மூடுங்கள். மூடிவிட்டேன் என்று நீங்கள் குரல் கொடுத்த பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். முந்திவிட்டால் காற்று திரும்ப ஏறிவிடும். நான்கைந்து மிதிக்கு ஒருமுறை ரிசர்வாயரை நிரப்புங்கள். அது ஒருமுறை வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய மாஸ்டரை வைத்துக்கொண்டே இதைச் செய்கிறீர்கள் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வையுங்கள். இத்தனை வருஷமும் ரப்பர் போகாத ஆழத்தில் துரு இருக்கும். தரை வரை மிதித்தால் அதில் உரசி, நன்றாக இருந்த மாஸ்டரும் கசியத் தொடங்கும்.

கால் லிட்டர் ஆயில் போயும் பெடல் பஞ்சு மாதிரியே இருந்தால் கீழிருந்து மேலே தள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான், தனியாளாகச் செய்யலாம். ரிசர்வாயரில் பாதி ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, ட்யூபில் உள்ள காற்றை வெளியே தள்ளிவிட்டு நிப்பிளில் மாட்டி, நிப்பிளைத் திறந்து நிதானமாக அழுத்துங்கள். குமிழி தானாகவே மேலே போக விரும்பும், அதன் வழியிலேயே நாமும் தள்ளுகிறோம். ரிசர்வாயரில் குமிழி வரிசையாக எழும்பி வெடிப்பது தெரியும்.

அப்படியும் ஒரு குமிழி பிடிவாதமாக நின்றால் அது மாஸ்டரின் உயரமான முனையில் இருக்கலாம். மாஸ்டர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, ரிசர்வாயர் துளை உயரத்துக்கு வரும்படி வண்டியைச் சரிவில் நிறுத்தி, முட்டுக்கட்டை கொடுத்து, பெடலைக் கையால் ஒரு அங்குலம் மட்டும் மெல்ல மெல்ல அழுத்தி விடுங்கள். ஒரு சின்ன "புளுக்" சத்தத்தோடு குமிழி வெளியேறும்.

முடிந்ததும் ஸ்லேவ் ராடை மறுபடி அளந்து, முதலில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து, ஐந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமே இல்லாமல் விழ வேண்டும்.

காட்டுக்குள் நின்றுவிட்டால்

பெடல் தரைக்குப் போனால் முதலில் ரிசர்வாயரைப் பாருங்கள். காலியாக இருந்தால் நிரப்பி, வேகமாகப் பலமுறை மிதித்துப் பாருங்கள். மெதுவான கசிவு என்றால் அவ்வப்போது நிரப்பிக்கொண்டே வெளியே வந்துவிடலாம். அதனால் அரை லிட்டர் ஆயில், ஒரு ட்யூப், நிப்பிள் ஸ்பேனர் மூன்றும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். பிரேக்குக்கான ரிசர்வாயரிலிருந்து எடுத்து ஊற்ற வேண்டாம்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் கிளட்ச் இல்லாமலே ஓட்டலாம். பாதை சமமாக, முன்னால் ஆளோ வண்டியோ இல்லாமல் இருக்க வேண்டும். இன்ஜினை அணைத்து, லோ ரேஞ்சில் (டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் மெதுவான விகிதம்) முதல் கியரைப் போட்டு, ஸ்டார்ட்டரை அடியுங்கள். அந்த விகிதத்தில் ஸ்டார்ட்டரே வண்டியை நகர்த்தி இன்ஜினையும் எழுப்பிவிடும். பெரும்பாலான பழைய வண்டிகளில் ஓட்டத்திலேயே லோவிலிருந்து ஹைக்கு மாற முடியாது என்பதால் தார்ச்சாலை வந்ததும் நிறுத்தி, ஹை ரேஞ்ச் முதல் கியரில் இதையே திரும்பச் செய்யுங்கள். கியரைக் கூட்ட, ஆக்சிலரேட்டரை விட்ட கணத்தில் லீவரை நியூட்ரலுக்கு இழுத்து, இன்ஜின் வேகம் இறங்கும்போது விரலால் அழுத்துவது போல அடுத்த கியரின் வாயில் பிடித்துக்கொண்டிருங்கள். வேகம் ஒத்துப்போகும்போது அது தானாக உள்ளே வழுக்கிப் போகும், நெருக்கித் தள்ளாதீர்கள். நிறுத்த வேண்டிய இடத்தை முன்கூட்டியே பார்த்து, ஆக்சிலரேட்டரை விட்டு, நியூட்ரலுக்கு இழுத்து, பிறகு பிரேக் போடுங்கள். லீவர் வரவில்லை என்றால் பிரேக்கோடு சாவியையும் அணைத்துவிடுங்கள்.